நான்கு மாதத்தில் மீண்டும் உயர்தரம்: ‘சும்மா எழுதிப் பார்’ என்று சொல்வதற்கு முன்

2022ஆம் ஆண்டுக்குரிய க.பொ.த. உயர்தரப் பரீட்சை 2023 ஜனவரியில் தொடங்கி பெப்ரவரியில் முடிந்தது. பெறுபேறு வந்தது 2023 செப்டெம்பர் 4ஆம் திகதி. அடுத்த உயர்தரப் பரீட்சை 2024 ஜனவரி 4ஆம் திகதி ஆரம்பமானது. முதல் தடவையில் சறுக்கிய ஒரு பிள்ளைக்கு, தான் சறுக்கியதை அறிந்த நாளிலிருந்து மறுபடி மண்டபத்தில் போய் உட்காரும் நாள் வரை சரியாக நான்கு மாதம்.

அதற்கு முந்திய வருடமும் கதை பெரிதாக வேறில்லை. 2022 ஓகஸ்ட் இறுதியில் பெறுபேறு, 2023 ஜனவரி 23இல் பரீட்சை. அதற்குப் பிந்திய வருடம் 2024 மே 31இல் பெறுபேறு, நவம்பர் 25இல் பரீட்சை. ஓகஸ்டில் பரீட்சை, டிசம்பரில் பெறுபேறு, அதன்பின் அடுத்த ஓகஸ்ட் வரை ஏழெட்டு மாதம் என்றிருந்த பழைய ஒழுங்கு கொரோனாவோடு போய்விட்டது. போன வருடம் நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்து மலையகத்துப் பாதைகளைப் பெயர்த்துப் போட்டபோது பரீட்சையே நடுவில் நின்றது. மீதிப் பாடங்களை எம் பிள்ளைகள் 2026 ஜனவரியில்தான் எழுதி முடித்தார்கள். ஆக, குறைந்த ஆயத்தத்தோடு பரீட்சைக்குப் போவது சோம்பேறிப் பிள்ளைகளுக்கு மட்டும் நேர்வதல்ல. ஒரு தலைமுறையே அப்படித்தான் போய்க்கொண்டிருக்கிறது.

நோர்வூட், பொகவந்தலாவை, மஸ்கெலியா பக்கம் நிலைமை இன்னும் ஒரு படி மோசம். இங்கே பல பாடசாலைகளில் முதல் தடவைக்கே பாடத்திட்டம் முடிவதில்லை. பௌதிகவியலுக்கு ஆசிரியர் வந்து ஆறு மாதத்தில் மாற்றலாகிப் போவார். இணைந்த கணிதத்துக்கு ஹட்டனுக்கு டியூஷன் போக வேண்டும். பின்னேரம் வகுப்பு முடிந்து பஸ் பிடித்து வீடு வந்து சேரும்போது இருட்டிவிடும். கடை வைத்திருக்கும் எமது ஆட்களின் பிள்ளையாக இருந்தாலும், லயத்திலிருந்து வரும் பிள்ளையாக இருந்தாலும் இந்த விடயத்தில் இருவரும் ஒரே வாங்கில்தான் இருக்கிறார்கள்.

இந்த நிலையில் வீட்டில் வழக்கமாக இரண்டு வார்த்தைகளில் ஒன்றுதான் வரும். ஒன்று, “சும்மா எழுதிப் பார், வந்தா வரட்டும்.” மற்றது, “இதுக்கு மேல எழுதி என்னத்த கிழிக்கப் போற?” இரண்டுமே பரீட்சை எதை அளக்கிறது என்று பார்க்காமல் சொல்லப்படுபவை. நான்கு மாதம் குறைவுதான். ஆனால் அந்த நான்கு மாதத்தை எங்கே போடுவது என்று தெரிந்தவருக்கு அது வீணான காலமல்ல. அதை இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் இரண்டு விதிகள். பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று தடவைகள்தான் கணக்கில் எடுக்கப்படும். நான்காவது தடவை எழுதலாம், சான்றிதழும் கிடைக்கும், ஆனால் பல்கலைக்கழகத்துக்கு அது உதவாது. இரண்டாவது, மூன்று பாடங்களிலும் குறைந்தது ‘எஸ்’ சித்தியை ஒரே தடவையில் பெற்றிருக்க வேண்டும். போன தடவை தமிழில் ‘ஏ’ வந்தது, இந்தத் தடவை புவியியலில் மட்டும் எழுதினால் போதும் என்று எண்ணிக்கொண்டு ஒரு பாடத்துக்கு மட்டும் விண்ணப்பம் போட வரும் பிள்ளைகளை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறோம். சாதாரண தரத்தில் அப்படிச் செய்து பழகிய வீடுகளில் இது இயல்பாக வரும் எண்ணம்தான். உயர்தரத்தில், பல்கலைக்கழகம் என்று வரும்போது, மூன்றையும் சேர்த்தே எழுத வேண்டும். ஆகவே ‘சும்மா’ எழுதிப் பார்ப்பது என்று ஒன்று இல்லை. மூன்றில் ஒன்று செலவாகிறது.

இனி இசட் புள்ளி. 2001 முதல் பல்கலைக்கழகத் தெரிவுக்கு இதுதான் அளவுகோல். பெறுபேற்றுத் தாளில் தசமத்தோடு வரும் அந்த இலக்கத்தைப் பார்த்துப் பல பெற்றோர் அது ஏதோ இரகசியச் சூத்திரம் என்று எண்ணுகிறார்கள். அப்படியில்லை. ஒரு பாடத்தில் உங்கள் பிள்ளை எடுத்த புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தை எழுதிய எல்லோருடைய சராசரியையும் கழித்து, வரும் விடையை அந்தப் பாடத்தின் நியம விலகலால் வகுத்தால் அந்தப் பாடத்துக்கான இசட் புள்ளி. நியம விலகல் என்பது புள்ளிகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு தூரம் சிதறியிருக்கின்றன என்பதற்கான அளவு. மூன்று பாடங்களுக்கும் இப்படி எடுத்து, கூட்டி மூன்றால் வகுத்தால் பிள்ளையின் இசட் புள்ளி வந்துவிடும். சராசரிக்கு மேலே இருந்தால் நேர் இலக்கம், கீழே இருந்தால் மறை இலக்கம்.

ஓர் உதாரணம் வைப்போம். இலக்கங்கள் விளக்கத்துக்காக நான் எடுத்தவை. முதற் பாடத்தில் நாடளாவிய சராசரி 40, நியம விலகல் 15. பிள்ளை எடுத்தது 55. இசட் புள்ளி 1.0. இரண்டாவது பாடத்தில் சராசரி 60, விலகல் 12. பிள்ளை எடுத்தது 66. இசட் புள்ளி 0.5. மூன்றாவதில் சராசரி 45, விலகல் 15. பிள்ளை தட்டுத்தடுமாறி 36. இசட் புள்ளி மறை 0.6. மூன்றையும் கூட்டி வகுத்தால் 0.3.

பெறுபேற்றுத் தாளில் இது எப்படித் தெரியும்? 55க்கு ‘சி’, 66க்கு ‘பி’, 36க்கு ‘எஸ்’. வீட்டார் ‘பி’யைப் பார்த்துச் சந்தோஷப்படுவார்கள். உண்மையில் பிள்ளையைத் தூக்கிவிட்டது ‘சி’ வந்த பாடம். எழுத்துகளைப் பார்த்து முடிவெடுத்தால் இப்படித்தான் ஏமாறுவோம்.

இப்போது நான்கு மாதம் இருக்கிறது. எந்தப் பாடத்தில் உழைப்பது? பெரும்பாலான பிள்ளைகள் தமக்குப் பிடித்த, ஏற்கெனவே நன்றாக வரும் பாடத்தைத்தான் எடுத்து வைத்துப் படிப்பார்கள். அது மனத்துக்கு இதமாக இருக்கும். முதற் பாடத்தில் கடுமையாக உழைத்து 55ஐ 61 ஆக்கினால் மொத்த இசட் புள்ளி 0.3இலிருந்து 0.43 ஆகும். அதே நேரத்தை மூன்றாவது பாடத்தில் போட்டு 36ஐ 51 ஆக்கினால் 0.63. கவனியுங்கள், 51 என்பதும் ‘எஸ்’தான். 35 தொடக்கம் 54 வரை ‘எஸ்’. பெறுபேற்றுத் தாளில் எழுத்து மாறவேயில்லை, “திரும்பவும் எஸ் தானா” என்று மாமாமார் கேட்பார்கள். ஆனால் இசட் புள்ளி இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது.

36இலிருந்து 51க்கு ஏறுவது 55இலிருந்து 61க்கு ஏறுவதைவிட இலகுவா? அநேகமாக ஆம். 36 எடுத்த பிள்ளை சில அலகுகளைத் தொடவேயில்லை என்றுதான் அர்த்தம். பாடமே நடக்காத அலகு, ஆசிரியர் இல்லாத தவணையில் விட்டுப்போன அலகு. அவற்றை முதன்முறையாகப் படிக்கும்போது புள்ளி வேகமாக ஏறும். ஏற்கெனவே நன்றாகத் தெரிந்த பாடத்தில் மிச்சமிருக்கும் புள்ளிகள் கடினமான இடங்களில் ஒளிந்திருப்பவை. குறைந்த கால ஆயத்தத்தின் முழுச் சூட்சுமமும் இதில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. வேறு ஆசிரியர்கள் மாறுபடலாம். குறிப்பாக மருத்துவம், பொறியியல் என்று எட்டிப் பிடிக்கப் போகும் பிள்ளைக்கு மூன்று பாடமும் ஏற்கெனவே உயரத்தில் இருக்கும், அங்கே கணக்கு வேறு. நான் பேசுவது நடுவில் நிற்கும் பிள்ளையைப் பற்றி. எம் பக்கத்தில் பெரும்பாலானோர் அந்த இடத்தில்தான் நிற்கிறார்கள்.

அடுத்தது, எதை வைத்துப் படிப்பது. புதிதாகக் குறிப்பு எழுதத் தொடங்குவது, மூன்று சேர்மாரிடம் மூன்று ‘டியூட்’ வாங்கிக் குவிப்பது எல்லாம் இரண்டு வருடம் கையில் இருப்பவர்களுக்கு. நான்கு மாதம் உள்ளவர் கடந்தகால வினாத்தாளிலிருந்து பின்னோக்கி வர வேண்டும். ஐந்தாறு வருட வினாத்தாள்களைப் பரப்பி வைத்து, ஒவ்வொரு வினாவுக்கும் பக்கத்தில் அது எந்த அலகிலிருந்து வந்தது என்று பென்சிலால் எழுதிக்கொண்டு போனால், ஒரு வார இறுதிக்குள் எந்த அலகு எத்தனை தடவை வருகிறது என்ற படம் கிடைத்துவிடும். அதை வேறொருவர் செய்து கொடுப்பதில் பயனில்லை. பிள்ளையே செய்ய வேண்டும், அந்த வேலையிலேயே பாதிப் படிப்பு முடிந்துவிடும்.

அதோடு புள்ளி வழங்கும் திட்டம். பரீட்சைத் திணைக்களம் வினாத்தாள்களுக்குரிய புள்ளித் திட்டங்களையும், பரீட்சார்த்திகள் எங்கே பிழைத்தார்கள் என்று பாடவாரியாக விளக்கும் மதிப்பீட்டு அறிக்கைகளையும் வெளியிடுகிறது. அவற்றை ஒருமுறைகூடக் கண்ணால் பார்க்காமல் மூன்றாவது தடவை எழுதப் போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒரு கட்டுரை வினாவில் எதற்கு இரண்டு புள்ளி, எதற்கு நான்கு புள்ளி என்று பார்த்த பிள்ளை, அதன்பின் பக்கம் பக்கமாக அளந்து தள்ளாது.

பல்தேர்வு வினாக்கள் உள்ள பாடங்களில் பிழையான விடைக்குப் புள்ளி கழிக்கப்படுவதில்லை. ஐந்தில் இரண்டு தெரிவுகள் நிச்சயமாகப் பிழை என்று தெரிந்தாலே, மிச்சம் மூன்றில் ஒன்றைக் குறித்துவிட்டு நகரலாம். ஒரு கட்டத்தையும் வெறுமையாக விடக்கூடாது. நேரம் முடிந்து பத்துப் பன்னிரண்டு கட்டம் வெறுமையாகப் போவது படிப்பில்லாததால் அல்ல, பழக்கமில்லாததால். இரண்டு மணித்தியாலம் மேசை மணிக்கூட்டை வைத்துக்கொண்டு, எழும்பாமல், வாரம் ஒன்றாவது செய்து பார்த்தால் போதும். இணைந்த கணிதத்தில் பல்தேர்வே கிடையாது. இரண்டு வினாத்தாளிலும் பகுதி ‘அ’வில் 10 சிறுவினாக்கள், ஒவ்வொன்றுக்கும் 25 புள்ளி. பகுதி ‘ஆ’வில் ஏழில் ஐந்து, ஒவ்வொன்றுக்கும் 150. எல்லா அலகும் முடியாத பிள்ளை முதலில் அந்தப் பத்துச் சிறுவினாவையும் கைவசப்படுத்தட்டும். அடுத்து ‘ஆ’வில் தனக்கு நிச்சயம் வரும் அலகுகளை எண்ணி வைக்கட்டும். ஏழில் இரண்டை விடலாம் என்பது பாடத்திட்டம் முடியாத பிள்ளைக்குப் பரீட்சையே தரும் சலுகை.

பொதுச் சாதாரணப் பரீட்சையையும் மறக்க வேண்டாம். இதில் குறைந்தது 30 புள்ளி இல்லாமல் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்க முடியாது. இசட் புள்ளியில் இது சேராது என்பதால் யாரும் கவனிப்பதில்லை. ஒரு தடவை 30 எடுத்துவிட்டால் மறுபடி எழுதத் தேவையில்லை. எடுக்காதவர் கட்டாயம் எழுத வேண்டும். மூன்று பாடமும் சித்தியெய்தி, இந்த ஒரு வினாத்தாளுக்கு அன்று போகாமல் வீட்டில் இருந்ததால் வாய்ப்பை இழப்பதைப் போல ஒரு வயிற்றெரிச்சல் வேறில்லை.

இனி மாவட்டம் பற்றி. எமது சமூகத்தில் இதை வெளிப்படையாகப் பேசுவது குறைவு. கலைப்பிரிவின் பிரதான கற்கைநெறிக்கு அகில இலங்கைத் திறமை அடிப்படையில்தான் தெரிவு நடக்கிறது. கொழும்புப் பிள்ளையும் நோர்வூட் பிள்ளையும் ஒரே வரிசை. பெரும்பாலான ஏனைய கற்கைநெறிகளில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் சனத்தொகை விகிதப்படி மாவட்டங்களுக்கு, 5 வீதம் கல்வியில் பின்தங்கியவை என்று பெயரிடப்பட்ட 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாக. நுவரெலியா அந்தப் பதினாறில் ஒன்று. கண்டியும் கேகாலையும் இல்லை.

எம்மில் பலர் என்ன செய்கிறோம்? சாதாரண தரப் பெறுபேறு வந்ததும் பிள்ளையை உறவினர் வீட்டில் விட்டுக் கண்டிக்கோ மாவனல்லைக்கோ கம்பளைக்கோ அனுப்புகிறோம். அங்கே நல்ல முஸ்லிம் பாடசாலை இருக்கிறது, விஞ்ஞான ஆசிரியர் இருக்கிறார், பிள்ளை எம் சூழலில் வளரும். காரணங்கள் எல்லாம் நியாயமானவை. ஆனால் மாவட்டம் தீர்மானிக்கப்படுவது பிள்ளை பரீட்சைக்கு முந்திய மூன்று வருடம் எங்கே படித்தது என்பதை வைத்து. அடையாள அட்டையிலுள்ள விலாசம் மட்டும் போதாது. ஒரே புள்ளிக்கு நுவரெலியாவில் இடம் கிடைத்து, கண்டியில் கிடைக்காமல் போகலாம். மறுபக்கம், ஆசிரியரே இல்லாத இடத்தில் வைத்துக்கொண்டு மாவட்டச் சலுகையை மட்டும் நம்புவதும் சரியல்ல. இரண்டையும் தராசில் போட்டுப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும், எடுக்கும் முன் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதிக் கைநூலை வாசிக்க வேண்டும். அது தமிழிலும் வெளியாகிறது. அதிலுள்ள மாவட்டப் பகுதி ஒரு மாலை நேரத்து வேலை. இரண்டாம் தடவைக்கு அவசரமாக இடம் மாறுவோர் இன்னும் கவனமாக வாசிக்க வேண்டும்.

பெண் பிள்ளைகள் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. ஆண் பிள்ளைக்கு இரண்டாம் தடவை தவறினால் கடை இருக்கிறது, வெளிநாடு இருக்கிறது. பெண் பிள்ளைக்குப் பெறுபேறு வந்த வாரமே வீட்டில் வேறு பேச்சு தொடங்கிவிடும். அந்தப் பேச்சை நான்கு மாதம் தள்ளி வைக்கும்படி தாய்மாரிடம் கேட்டிருக்கிறேன். சிலர் தள்ளி வைத்தார்கள். எமது பகுதிப் பாடசாலைகளில் தமிழ்மொழி மூலம் கற்பிக்கும் முஸ்லிம் ஆசிரியைகள் போதாது என்று பெற்றோர் கூட்டங்களில் குறை சொல்கிறோம். பத்தனையிலுள்ள ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரிக்குப் போவதற்கும் உயர்தரப் பெறுபேறுதான் வாசல். வாசலை இங்கே சாத்திவிட்டு ஆசிரியை எங்கிருந்து வருவார்?

வறிய, தூரப் பகுதிப் பிள்ளை பரீட்சையில் பின்தங்குவது திறமைக் குறைவால் அல்ல என்பதை எம் முன்னோர் விளங்கியே இருந்தார்கள். ஏ.எம்.ஏ. அஸீஸ் யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பிறந்து, அங்குள்ள வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் யாழ் இந்துக் கல்லூரியிலும் படித்து, 1935இல் இலங்கை சிவில் சேவைக்குத் தெரிவான முதல் முஸ்லிம். 1942இல் கல்முனைக்கு உதவி அரசாங்க அதிபராகப் போனபோது, படிக்கக்கூடிய பிள்ளைகள் காசில்லாமல் நின்றுவிடுவதை நேரில் கண்டார். 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதி உருவானது. புத்திமதி சொல்வதோடு நிற்காமல், படிப்புச் செலவுக்கு வழி செய்தார்கள்.

நோர்வூட் அளவில் அதற்குச் சமமானது என்ன? பெரிய நிதியம் ஒன்றும் தேவையில்லை. பரீட்சைக்கு முந்திய பத்து வாரத்துக்கு, மாலை ஆறு மணி முதல் பத்து மணி வரை, வெளிச்சமும் மேசையும் உள்ள ஓர் அமைதியான அறை. பள்ளிவாசல் மத்ரஸாக் கட்டடங்கள் அந்த நேரத்தில் பெரும்பாலும் பூட்டித்தான் கிடக்கின்றன. ஆண், பெண் பிள்ளைகளுக்கு வேறு நாட்கள் ஒதுக்கலாம், பெண் பிள்ளைகளை வீடு சேர்க்க ஒரு முச்சக்கர வண்டிக்கு ஏற்பாடு செய்யலாம். பக்கத்துத் தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளைகளும் வந்து உட்காரட்டும், அவர்களும் எமது வகுப்பறைப் பிள்ளைகளே. கடந்தகால வினாத்தாள்கள், புள்ளித் திட்டங்கள் ஒரு தொகுதி வாங்கி அங்கே வைத்தால் வருடா வருடம் பயன்படும். ஊரில் பல்கலைக்கழகம் போய் வந்த நாலைந்து பேர் வாரத்தில் ஒரு நாள் வந்து விடைகளைத் திருத்திக் கொடுத்தால் அதுவே ஹட்டனுக்குப் போய் வரும் டியூஷனுக்குச் சமம். நூறு பிள்ளைகள் உட்காரும் மண்டபத்தில் ஒலிபெருக்கியில் நடக்கும் கருத்தரங்கைவிட மேல் என்றே சொல்வேன்.

மூன்று தடவையும் போய்விட்டதே என்பவருக்கும் இடம் இருக்கிறது. திறந்த பல்கலைக்கழகத்தில் பல கற்கைநெறிகள், வெளிவாரிப் பட்டங்கள், தொழிற்பயிற்சிகள். திறந்த பல்கலைக்கழகத்தின் சட்டப் பட்டத்துக்குத் தனியாகத் தெரிவுப் பரீட்சை உண்டு. அதைப் பற்றி எழுத வேறு கட்டுரை வேண்டும்.

கடைசி வாரம் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். 1968ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கப் பொதுப் பரீட்சைகள் சட்டத்தின் கீழ், பரீட்சைக்குச் சில நாட்களுக்கு முன் திணைக்களம் அறிவிக்கும் நேரத்திலிருந்து டியூஷன், கருத்தரங்கு, மாதிரி வினாத்தாள் விநியோகம் எல்லாம் தடை. அந்த நேரத்தில் வாட்ஸ்அப்பில் ‘கட்டாயம் வரும்’ என்று சுற்றும் தாள்களை நம்பிப் படிப்பை மாற்றக்கூடாது. 2024 ஜனவரியில் விவசாய விஞ்ஞான வினாத்தாள் வெளியே போனதாகத் தெரிய வந்ததும், அந்தப் பாடத்தை இரத்துச் செய்து பெப்ரவரி 1இல் எல்லோரையும் மறுபடி எழுத வைத்தார்கள். ஒரு குற்றமும் செய்யாத பிள்ளைகளும் இரண்டாம் முறை படிக்க வேண்டி வந்தது.

தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எழுதுபவர் அனுமதி அட்டை கிடைத்ததும் பெயர், பாட இலக்கம், மொழிமூலம், நிலையம் நான்கையும் அன்றே சரிபார்க்க வேண்டும். பிழை இருந்தால் திணைக்களத்துக்கு உடனே அறிவிக்க வேண்டும். நிலையம் ஹட்டனில் விழுந்தால் மழைக்காலத்தில் முதல் பஸ்ஸை மட்டும் நம்ப வேண்டாம். டிக்கோயாப் பாதையில் ஒரு மரம் விழுந்தாலே அரை மணித்தியாலம் போய்விடும். இரண்டு மூன்று வீடுகள் சேர்ந்து ஒரு வேனைப் பேசி வையுங்கள். தேசிய அடையாள அட்டை காலாவதியாகவோ உடைந்தோ இருந்தால், அதற்கான விண்ணப்பத்தை இந்த வாரமே கிராம உத்தியோகத்தரிடம் கொடுங்கள்.